“பேரு வாணாம் நைனா”: வட ஆர்க்காட்டுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பதவியில் இருக்கிற, பதவியில் இருந்த, அடுத்து பதவிக்கு வரப்போகிற எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் வணக்கம்.

2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் இன்னும் வட ஆர்க்காடு என்றுதான் பேச்சு வரும். அதனால் உங்கள் எல்லோரையும் ஒரே மடலில் சேர்த்து எழுதுகிறேன். மந்திரி, எம்.எல்.ஏ., மாவட்டச் செயலாளர், ஒன்றியத் தலைவர், கவுன்சிலர் என்று தனித்தனியாகப் பிரிக்கவும் இல்லை. மனு கொடுக்கிறவர்களை மிரட்டுவதைப் பற்றி நான் சொல்லவருவது எல்லோருக்கும் பொது.

நான் சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் பக்கம், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷம் ஆகிறது. மற்ற நாட்களில் ஆதார் நகல், பட்டா நகல், ஆன்லைன் விண்ணப்பம் என்று பொழுது போகும். திங்கட்கிழமை மட்டும் மனு எழுதுவதுதான் வேலை. குறைதீர்வு நாள் என்பதால் ஏழரை மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். ஒடுகத்தூர், அணைக்கட்டு, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று டீ குடிக்கக்கூடப் போகமாட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, ஒரு பக்கத்துக்குள் அடக்கி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கொடுத்தால் முப்பது ரூபாய். இல்லாதவர்களிடம் வாங்குவதில்லை.

போன ஆடி மாசம் ஒரு பாட்டி வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். ஊரைச் சொல்லமாட்டேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக அவருடைய குறையையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். நூறு நாள் வேலைக்கு வராத ஆட்களின் பெயரில் வருகை போட்டுக் கூலி போகிறது, ஏன் என்று கேட்டால் கேட்டவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்கிறார்கள். அதுதான் அவர் சொன்னது. யார் பெயரில் போகிறது, எத்தனை நாள் போட்டார்கள் என்பதையெல்லாம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். அடித்து முடித்துவிட்டு, பேர் என்னம்மா என்று கேட்டேன்.

“பேரு வாணாம் நைனா. பேரு போடாம குடு.”

பெயரும் முகவரியும் இல்லாத மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கமாட்டார்கள், ரசீதும் வராது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “போட்டா, என் ஓ.ஏ.பி. பணத்த நிறுத்திடுவாங்களே” என்றார். முதியோர் உதவித்தொகை, மாசம் 1,200 ரூபாய். மாத்திரை, எண்ணெய், பருப்பு எல்லாம் அதில்தான். தாளை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்குள் கால் வைக்காமலே பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதிகாரத்தை வைத்து மிரட்டுவது என்றால் போலீஸ், வழக்கு, ஜெயில் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். பத்திரிகைக்காரர், கட்சிக்காரர், பாட்டுப் பாடுகிறவர் என்று வெளியில் பெயர் தெரிந்த ஆளாக இருந்தால் அப்படி நடக்கிறது. ஊரில் வேறு மாதிரி. கிராம சபையில் எழுந்து கணக்குக் கேட்டவரின் தெருவுக்கு மட்டும் பைப்பில் தண்ணீர் குறையும். வாரிசுச் சான்றுக்குப் போனால் “அப்புறம் வாங்க” என்பார்கள். வீடு கட்டும் திட்டத்தில் முதல் பட்டியலில் இருந்த பெயர் இரண்டாவது பட்டியலில் இருக்காது. மகள் சத்துணவு மையத்தில் சமையல் செய்கிறவளாக இருந்தால் முப்பது கிலோமீட்டர் தள்ளி மாறுதல் வரும். எதற்கும் எழுத்தில் காரணம் இருக்காது, கோர்ட்டுக்குப் போக ஒரு துண்டுக் காகிதமும் கிடைக்காது. ஆனால் ஏன் நடந்தது என்று ஊருக்கே தெரியும். தெரிய வேண்டும் என்றுதானே செய்கிறீர்கள்?

ஒரு மனு எங்கெங்கே போகிறது என்பதைக் கொஞ்சம் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு அது கீழே போய் என்ன ஆகிறது என்று உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். கலெக்டர் கையில் கொடுத்ததும் எண் போட்டுத் துறைக்கு அனுப்புவார்கள். வருவாய்த் துறை என்றால் ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ. என்று இறங்கி வி.ஏ.ஓ. வரைக்கும் வரும். ஊராட்சி என்றால் பி.டி.ஓ., அங்கிருந்து ஊராட்சிச் செயலர். கடைசியில், யார் மேல் புகாரோ அவரிடமே, இல்லையென்றால் தினமும் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவரிடம், “விசாரித்து அறிக்கை தரவும்” என்ற குறிப்போடு அந்தத் தாள் வந்து சேரும். மனு கொடுத்தவரின் பெயர், அப்பா பெயர், கதவு எண், செல் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். அதையெல்லாம் டைப் செய்து கொடுப்பது நான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஏரியில் வண்டல் எடுத்துக்கொள்ள விவசாயிக்கு அனுமதி கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தச் சீட்டைக் காட்டிக்கொண்டு, ராத்திரியில் கரையை ஒட்டி ஆள் உயரத்துக்குமேல் பள்ளம் பறித்து மண் போகிறது என்று மனு. டிப்பர் நம்பர்களையும் எழுதி வைத்திருந்தார்கள். பதினொன்றரை மணிக்கு மனு கொடுத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் கையெழுத்துப் போட்டவருக்கு போன் வந்தது. பேசியவர் வணக்கம்கூடச் சொல்லாமல் மனுவின் முதல் பத்தியை அப்படியே வாசித்தாராம். “மேற்படி ஏரியின் தென்கரையில்” என்று நான் டைப் செய்த வரி.

மறுநாள் என் கடைக்கு பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். “அண்ணே, நீங்க பொழப்ப பாருங்கண்ணே, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்.” அந்த வாரமே, கடை போர்டு ரோட்டுப் பக்கம் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நோட்டீஸ் வந்தது. அந்த வரிசையில் பதினோரு கடை. பதினோரு போர்டும் அதே அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. நோட்டீஸ் எனக்கு மட்டும். கழற்றிவிட்டேன். சரி, அது போகட்டும்.

ஆறு பேரில் மூத்தவருக்கு 67 வயது. சும்மா ஒரு விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். காலை பத்து மணிக்குப் போனவரை ராத்திரி ஒன்பது மணி வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டபோதெல்லாம் “ஐயா வரட்டும்” என்றே பதில். சம்மன் கிடையாது, புகார் பதிவானதற்கு ஸ்டேஷனில் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீதும் கிடையாது. 65 வயதைத் தாண்டியவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று அன்றைக்கு இருந்த சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற புதிய சட்டம் அந்த வயதை 60 ஆகக் குறைத்திருக்கிறது. பெண்களுக்கு எந்த வயதிலும் அதே பாதுகாப்பு உண்டு. பெரியவருக்குச் சர்க்கரை நோய். அன்றைக்கு மதியம் அவர் மாத்திரை போடவில்லை, சாப்பிடவும் இல்லை.

பத்து நாள் கழித்து அந்த ஆறு பேரில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். தவறான தகவலின் பேரில் மனு கொடுத்துவிட்டோம், மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு தாள் வேண்டுமாம். அதையும் நான்தான் டைப் செய்தேன். காசு வாங்கவில்லை. பெரியவர் கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் ஆகியும் எனக்கு அது ஆறவில்லை.

இதைச் செய்யச் சொன்னவர் யார், எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மற்ற கட்சிக்காரர்கள் இந்த மடலை எடுத்துக்கொண்டு மேடை ஏறிவிடுவீர்கள். இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஆட்சி மாறியது. பைக்கில் வருகிறவர்களின் வேட்டிக் கரையும் மாறியது. அவர்கள் பேசுகிற பேச்சு மட்டும் மாறவே இல்லை.

தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது. 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் ராஜாஜி அதில் இருந்தார், உள்ளே நாட்குறிப்பு எழுதினார். 1940-இல் காமராஜரைப் பிடித்து இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். அவர் உள்ளே இருந்தபோதே விருதுநகர்க்காரர்கள் அவரை நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1941-இல் இங்கிருந்து தப்பிப் போனார். 1962-இல் விலைவாசி உயர்வை எதிர்த்துப் போராடிய அண்ணா இங்கே கைதியாக இருந்தார். உங்கள் மேடைக்குப் பின்னால் கட்டுகிற பேனரில் பெரிதாக இருக்கும் முகங்கள் இவர்களுடையவை. அன்றைக்கு ஆண்டவர்களை எதிர்த்துப் பேசினார்கள் என்பதற்காகத்தான் இவர்களை உள்ளே வைத்தார்கள்.

அதே ராஜாஜி 1937-இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனார். இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்ததும் குற்றவியல் திருத்தச் சட்டத்தை எடுத்தார். காங்கிரஸ்காரர்களை ஒடுக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த அதே சட்டம். ஆயிரம் பேருக்கு மேல் சிறைக்குப் போனார்கள். பெரியாரும் போனார். நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைவாசத்திலேயே உயிரை விட்டார்கள். நல்ல மனிதர், படித்தவர், ஜெயிலின் கொசுக்கடியை அனுபவித்தவர் கையிலேயே அந்தச் சட்டம் இப்படிப் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அதற்கப்புறம் வந்த எந்த ஆட்சியும் விலக்கில்லை. 1987-இல் ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. நாடே எதிர்த்ததால் மூன்று நாளில் விடவேண்டி வந்தது. 2003-இல் தி ஹிந்து பத்திரிகைக்காரர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் தண்டனை. உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. 2011-க்கும் 2016-க்கும் நடுவில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 200-க்கு மேல். அரசு வழக்கறிஞர்தான் அந்த வழக்குகளைத் தாக்கல் செய்வார், செலவு நம் வரிப்பணத்தில். எதிராளி மட்டும் தன் கைக்காசில் மாசாமாசம் வாய்தாவுக்கு அலைய வேண்டும். வழக்கில் ஜெயிக்கவே வேண்டாம், அலைய வைத்தால் போதும். 2020 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம் பத்திரிகை ஆசிரியர்கள் மீதான இப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. அரசுக்குப் பொறுமை வேண்டும், சாதாரண ஆளைப்போல எடுத்ததற்கெல்லாம் அவதூறு வழக்குக்குப் போகக்கூடாது என்ற பொருளில் கண்டித்தது. 2021-இல் வந்த அரசு, பத்திரிகையாளர்கள் மீதிருந்த அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற்றது. நல்ல காரியம். அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் குண்டர் சட்டம் ஓயவில்லை. 1982-ஆம் வருஷத்துச் சட்டம் அது. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் ஆகியவற்றுக்காகக் கொண்டுவந்தது. ஒரு வருஷம் வரை ஜாமீன் இல்லாமல் உள்ளே வைக்கலாம். மாவட்டங்களில் கலெக்டர்தான் கையெழுத்துப் போடுவார். 2017-இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவி மேல் அதைப் போட்டார்கள், உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் யூடியூபர் சவுக்கு சங்கர் மேல் போட்டார்கள், அதையும் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் பேசியதில் எனக்குப் பிடிக்காதது நிறைய. பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியதை என் வீட்டில் யாரும் கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். அதற்கு வழக்குப் போடலாம், கோர்ட்டில் நிரூபிக்கலாம். விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம் எதற்கு? டெல்லியில் ஆள்பவர்களும் குறைந்தவர்கள் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில், 2012-இல் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில்காரர் ஒரு மத்திய மந்திரியின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகக் கைதானார். 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தது. தேசத்துரோகச் சட்டத்தை 2022 மே மாதம் நிறுத்தி வைத்தது. மதுக்கடையை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மேல் 2015-இல் இங்கே போட்டது அந்தச் சட்டத்தைத்தான்.

கோர்ட்டு காப்பாற்றுகிறதே என்று நீங்கள் சொல்லலாம். சென்னைக்கு வக்கீல் வைக்கிற அளவுக்கு வசதியும் பெயரும் உள்ளவர்களைக் காப்பாற்றியது. சுருக்குப் பையோடு வந்த பாட்டிக்கு ரிட் மனு போடுவது யார்?

இப்போது நம் கோட்டை விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்ப் புரட்சி நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்கிறீர்கள். 1806-இல் அந்த ராத்திரி நடந்ததை எல்லோரும் பேசுகிறோம். அதற்கு முந்தைய இரண்டு மாதம் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. நெற்றியில் சமயக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகையை வை என்று உத்தரவு வந்தது. சிப்பாய்கள் முதலில் கத்தியை எடுக்கவில்லை. முடியாது என்று வாயால்தான் சொன்னார்கள். மே மாதம், மறுத்தவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்கும் சாட்டையடி கொடுத்து வேலையை விட்டுத் துரத்தினார்கள். மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டதும் விட்டார்கள். நான்கு பேர் என் கடைக்கு வந்து வாங்கிப்போன தாள் எனக்கு அங்கேதான் நினைவுக்கு வருகிறது. சரி, அடங்கிவிட்டார்கள் என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள்.

ஜூன் மாதம் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், படைக்குள் சதி நடக்கிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு படையில் இருந்த இந்திய அதிகாரிகளிடமே போனது. சதியில் பங்கு உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். இவனுக்குப் புத்தி சரியில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். முஸ்தபா பெக்கை அடைத்து வைத்தார்கள். அடுத்த மாதம் விடியலுக்கு முன்னால் கோட்டை வெடித்தது. நூறு பேருக்கு மேல் வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். அப்புறம்தான் தலைப்பாகை உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் சீமைக்குத் திருப்பிக் கூப்பிட்டார்கள். பைத்தியம் என்று அடைத்து வைத்தவருக்கு வெகுமதி கொடுத்தார்கள்.

முஸ்தபா பெக்கை நான் உயர்த்திப் பேச வரவில்லை. என் மனசு அந்தச் சிப்பாய்கள் பக்கம்தான். நான் பார்ப்பது அந்த விசாரணை நடந்த விதத்தை. யார் மேல் புகாரோ அவர் கையிலேயே புகாரைக் கொடுத்தது, வந்து சொன்னவனை அடைத்தது, மறுத்துப் பேசியவனை அடித்துவிட்டு ஊர் அமைதியாக இருக்கிறது என்று நம்பியது. இருநூறு வருஷம் கழித்து, கோட்டைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் தூரத்தில், ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் அதையே பார்க்கிறேன். மனு குறைந்திருக்கிறது என்று ஆய்வுக் கூட்டத்தில் உங்களிடம் கணக்குக் காட்டுவார்கள். குறை தீர்ந்ததால் குறைந்ததா, பயத்தால் குறைந்ததா என்று அந்தக் கணக்கில் தெரியாது. என் கடைப் படிக்கட்டில் தெரியும்.

நம்மிடமே வேறு மாதிரி நடந்த ஒன்றும் இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்து ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் கிணறெல்லாம் கெட்டுப் போனபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. அன்றைக்கு அந்தத் தொழிலின் பின்னால் இருந்த பணத்தையும் செல்வாக்கையும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், மாசு செய்தவனே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை. இன்றைக்கு நாட்டில் எங்கே சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் நம் ஊர் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். தண்ணீர் முழுசாகத் திருந்திவிடவில்லை. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. ஆனால் அந்தச் சிலர் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்திருக்காவிட்டால் இந்த அளவுகூட நடந்திருக்காது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள், தூக்கத்திலேயே போய்விட்டார்கள். வாயைத் திறந்தால் வேலை போகும் என்று இருக்கிற இடத்தில், இந்தச் சுவர் சரியில்லை என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

பொய் மனுக்கள் வருவதில்லையா என்று கேட்பீர்கள். வருகின்றன. பங்காளிச் சண்டையில் ஆள் மேல் பழி போட்டு எழுதச் சொல்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேள்வி கேட்டுவிட்டு, அதை வைத்துக் காசு பறிக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வண்டியில் ‘பிரஸ்’ ஒட்டிக்கொண்டு குவாரிக்குக் குவாரி போகிறவர்களும் உண்டு. பணம் பறித்தால் வழக்குப் போடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். குற்றச்சாட்டு பொய் என்றால் வேலை நடந்த இடத்தின் அளவுப் புத்தகத்தையும் பில்லையும் கிராம சபையில் எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனங்கள் காகிதத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள், அவ்வளவு மோசமானவர்கள் இல்லை. அதை விட்டுவிட்டு பைக்கில் ஆள் அனுப்பினால், பொய் மனுவைக்கூட ஊர் உண்மை என்றுதான் நம்பும்.

2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் புகார் செய்த வி.ஏ.ஓ. தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயம் பக்கம், கல்குவாரி முறைகேட்டைப் பற்றி மனு மேல் மனு கொடுத்து வந்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இதை அரசியல் தலைவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுத்தவன் ஆளற்றவன், அவன் பின்னால் அரசாங்கம் நிற்காது என்று ஊருக்குக் காட்டிவிட்டால், அடுத்த அடியை எடுத்துவைக்க யாரோ ஒருவன் துணிந்துவிடுகிறான். ஏரி மண் மனுவுக்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பெரியவர் இருட்டிய பிறகு வெளியே போகவில்லை என்று அவர் மகன் சொன்னான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை, புதுச் சட்டமும் தேவையில்லை. உங்களில் யாராவது அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் கலெக்டரிடமும் எஸ்.பி.யிடமும் எல்லோர் காதிலும் விழும்படி நான்கு வார்த்தை சொன்னால் போதும். புகார் யார் மேலோ அவர் கைக்கு மனு போகக்கூடாது. மனுதாரரின் பெயரும் செல் நம்பரும் கட்சிக்காரன் வாட்ஸ்அப்பில் சுற்றினால், வெளியே விட்டவர் யார் என்று விசாரித்து அவர் மேல் நடவடிக்கை வேண்டும். அப்புறம், இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு “கொஞ்சம் கூப்பிட்டுப் பேசுங்க” என்று சொல்கிற அந்த வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஐந்து விநாடிப் பேச்சு ஒரு ஏழையின் வீட்டில் எத்தனை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நீங்கள் நேரில் பார்த்ததில்லை. போலீஸ் கூப்பிட்டால் எழுத்தில் கூப்பிடட்டும். உங்கள் ஆட்கள் ஒருவரை மிரட்டியது தெரிந்தால், நீங்களே அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். தெருவே பார்க்கட்டும்.

இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, இந்த நேரத்தில் வேண்டாம் என்றாள். அவள் பயம் நியாயமானது. இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். பெயர் போட்டுக் கொடுங்கள் என்று பதினெட்டு வருஷமாக மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, என் முறை வரும்போது ஒதுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. கடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். போர்டு இல்லாத கடை.

அந்தப் பாட்டியின் மனு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அனுப்புநர் இடம் மட்டும் காலியாக. போன வாரம் அவருடைய பேரன் வந்தான். ஆயா மறுபடியும் வருகிறேன் என்று சொன்னதாம், கூட நான்கு பெண்களும் வருகிறார்களாம், இந்தத் தடவை ஐந்து பேர் பெயரையும் போட்டுவிடலாம் என்கிறார்களாம். ஏதோ ஒரு திங்கட்கிழமை வருவார்கள். நான் டைப் செய்து கொடுப்பேன். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்களில் யாருக்கும் போன் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் மனு எழுதுகிறவன்